நன்றிக்கு ஒன்பது பக்கம்

"டீக்கடைக்காரிக்குக் கீழயாம்மா மேனேஜர் பேரு?"

தேவதாசன் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டபோது காலை மணி பதினொன்று. மாலை ஐந்து மணிக்குள் ஜெயஷீலா அந்தக் காகிதங்களை மின்னஞ்சலில் அனுப்பியாக வேண்டும்.

சென்னையில் ஒரு பதிப்பகம் போட்டி வைத்திருந்தது. தொழில், வியாபாரம் பற்றிப் புத்தகம் எழுத ஆசைப்படும் இளைஞர்களுக்கான பரிசு. முழுப் புத்தகம் வேண்டாம். என்ன எழுதப் போகிறோம் என்று பன்னிரண்டு பக்கத்துக்குள் சொன்னால் போதும். ஜெயிப்பவரின் புத்தகத்தை அவர்களே அச்சிடுவார்கள். ஒரே நிபந்தனை, முப்பது வயது நிறைந்திருக்கக் கூடாது. ஜெயஷீலாவுக்கு அடுத்த மாதம் நிறைகிறது.

சாயர்புரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள ஏற்றுமதி ஏஜென்சி ஒன்றில் ஏழு வருடமாக அடுத்தவர் சரக்குக்குப் படிவம் நிரப்புகிறவள் அவள். 'உலகச் சந்தையில் தென் தமிழகச் சரக்குப் போக்குவரத்து: ஓர் ஆய்வு நோக்கு' என்று தலைப்பு வைத்து, வரைபடங்களோடு பதினொரு பக்கம் தயார் செய்திருந்தாள். பன்னிரண்டாவது பக்கத்தில் மூன்று பேருக்கு மூன்று வரி நன்றி. அதை ஆபீஸ் பிரிண்டரில் எடுத்ததுதான் தப்பாகப் போயிற்று.

"அகர வரிசை சார். அருணாசலவடிவு முன்னால வரும், தேவதாசன் அப்புறம்."

"சரிம்மா. நான் ஒண்ணும் சொல்லல" என்று சொல்லிவிட்டு அவர் அங்கேயே நின்றார்.

ஜெயஷீலா அவர் பெயரை மேலே ஏற்றினாள். பதினைந்து நிமிடத்தில் டீத் தட்டோடு வந்த வடிவக்கா, மேஜையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள்.

"ஏளா, நான் சாருக்குக் கீழயா? இனிமே ஒனக்கு டீயும் கடைசியாத்தான் வரும், பாத்துக்கோ."

வரிசையே வேண்டாம் என்று ஜெயஷீலா ஆளுக்கொரு தனிப் பத்தி ஆக்கினாள். அப்போது லாரி புக்கிங் பேச்சிராஜா அண்ணாச்சி உள்ளே வந்தார்.

"'உதவினார்'னு மொட்டையாப் போட்டா எப்படிம்மா? ஒன்னையப் பெட்டிக்குள்ள விட்டுக் கதவ அடைச்சேன்லா, அத எழுது."

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். காலிக் கண்டெய்னருக்குள் அவளை நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டார். இருட்டில் அவள் போட்ட சத்தத்துக்கு வெளியிலிருந்து, "கத்தாத. எங்கயாவது வெளிச்சம் தெரியுதா, பாரு" என்றார். கூரையில் ஊசி முனை அளவு வெளிச்சம். "அது வழியாத்தான் கடல் தண்ணி எறங்கும். வத்தல் மூட்டை பூரா போயிரும்." அன்றிலிருந்து உள்ளே நின்று பார்க்காமல் அவள் எந்தப் பெட்டிக்கும் கையெழுத்துப் போட்டதில்லை. எழுதினாள். ஒன்றரைப் பக்கம் வந்தது.

"அவருக்கு ஒன்றரைப் பக்கம், எனக்கு நாலு வரியா?" என்றார் தேவதாசன் சார். "அந்த ஜார்ஜ்டவுன் விஷயம் மறந்துட்டியோ?"

மறக்கவில்லை. மலேசியாவிலுள்ள ஜார்ஜ்டவுனுக்குப் போக வேண்டிய தேங்காய் நாரை, அதே பெயரில் தென் அமெரிக்காவில் இருக்கும் ஊருக்குப் படிவம் போட்டு அனுப்பியவள் அவள். சரக்குக்காரர் போனில் குதித்தபோது சார், "தப்பு என்னோடது. நான்தான் பாக்காம விட்டேன்" என்று சொல்லிவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுதும்போது ஜெயஷீலாவுக்குக் கண் கலங்கியது. இத்தனை வருடத்தில் இதற்கு ஒரு நன்றி சொன்னதில்லையே என்று மேலும் இரண்டு பத்தி எழுதினாள்.

"என் பங்கு என்னாச்சு?" என்று வந்து நின்றாள் வடிவக்கா. "டிரைவர்மாரு ரெண்டாவது டீ கேட்டா கப்பல் லேட்டுன்னு ஒனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு? கம்ப்யூட்டரா சொல்லிச்சு?"

அதுவும் உண்மைதான். மாலை நாலரைக்கு நன்றி மட்டுமே ஒன்பது பக்கம் ஆகியிருந்தது. பதினொன்றும் ஒன்பதும் இருபது. எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தாள். "என் பேரே எனக்குத் தெரியலையேம்மா" என்றார் சார். பெரிதாக்கினாள். இருபத்துமூன்று ஆனது.

நாலு ஐம்பத்தைந்துக்கு மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். ஒன்பது பக்கத்தையும் வெட்டித் தனிக் கோப்பில் போட்டுவிட்டு, ஆய்வு நோக்கை மட்டும் அனுப்பத் தீர்மானித்தாள். மூவரும் முதுகுக்குப் பின்னால் நிற்க, திரையை உடம்பால் மறைத்தபடி அவசரமாகக் கோப்பை இணைத்து அனுப்பினாள்.

"போயிட்டா?"

"போயிட்டு."

"எங்களப் பத்தியும் போட்டுட்டேல்லா?"

"போட்டாச்சு" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

இரண்டு மாதம் கழித்து, பரிசு அவளுக்குத்தான் என்று கடிதம் வந்தது. தேவதாசன் சார் ஒரு பெட்டி மக்ரூன் இனிப்பு வாங்கி வந்தார். பேச்சிராஜா அண்ணாச்சி தன் கதை புத்தகத்தில் வருவதாக லாரி செட்டில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தார். வடிவக்கா அன்றைக்கு டீயை முதலில் ஜெயஷீலாவுக்குத்தான் வைத்தாள். பாதி கடித்த மக்ரூனை ஜெயஷீலா மேஜையில் வைத்தாள்.

"நான் ஒரு பொய் சொல்லிட்டேன். பக்கம் கூடிட்டுன்னு ஒங்க மூணு பேரப் பத்தினதையும் எடுத்துட்டேன். ஒரு வரி கூட அனுப்பல."

வடிவக்கா டம்ளர்களைத் தட்டில் அடுக்கினாள். கடைசியில் அண்ணாச்சிதான் தொண்டையைச் செருமினார்.

"அதுக்கு ஏன் அழுத? என்னையப் பத்தி ஒருத்தி ஒக்காந்து ஒன்றரைப் பக்கம் எழுதுனால்லா, அது போதும்."

"பரிசு வந்துட்டுல்லாம்மா, பின்ன என்ன?" என்று சார் இன்னொரு மக்ரூனை அவள் கையில் வைத்தார்.

ஜெயஷீலா கண்ணைத் துடைப்பதற்குள் போன் அடித்தது. பதிப்பகத்திலிருந்து கிரேசி என்ற பெண். எல்லாரும் கேட்கட்டும் என்று சார் ஸ்பீக்கரை அழுத்தினார்.

"வாழ்த்துகள் மேடம். அட்டைக்கு ஒரு போட்டோ வேணும். கண்டெய்னர் கதவைச் சாத்தினாரே, அந்த அண்ணாச்சியோடது கிடைக்குமா?"

ஜெயஷீலா விழித்தாள். "அவரப் பத்தி நான் எதுவும் அனுப்பலையே!"

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"என்ன மேடம் சொல்றீங்க? நீங்க அனுப்பின ஒன்பது பக்கத்துல அந்த மூணு பேரைத் தவிர வேற எதுவுமே இல்லையே!"