காது வந்தது, குழந்தை வரவில்லை

குழந்தைகள் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் புரோகிராமில் 'நோயாளி' என்று ஒரு பெரிய மூட்டை இருந்தது. அதைக் கிளாஸ் என்பார்கள். பேர், வயசு, காய்ச்சல், காது எல்லாம் அதற்குள்ளேயே கிடந்தன. ஒரு குறையும் இல்லாமல் வேலை நடந்தது. ஆகவே அதைச் சீர்திருத்துவதென்று மேலிடம் தீர்மானித்தது.

"இவ்வளவு பெரிய கிளாஸ் வச்சிருக்கிறது கௌரவக் குறைச்சல். இப்போ எல்லா இடத்திலயும் சின்னச் சின்னதாத்தான் உடைக்கிறாங்க," என்றார் புரோகிராம் எழுதுகிறவர். உடைத்தார். நோயாளி பதினேழு துண்டானார். துண்டுக்கொரு கவுண்டர் திறந்தார்கள்.

மறுநாள் பார்த்து என் மகளுக்குக் காதுவலி. இடுப்பில் கிடந்து வீறிட்டாள். பேர் கவுண்டர், வயசு கவுண்டர், எடை கவுண்டர் என்று ஏறி இறங்கிக் காது கவுண்டருக்கு வந்து சேர்ந்தேன்.

எழுத்தர் திரையைப் பார்த்தார். "காது வந்திருக்கு. குழந்தை இன்னும் வரலையே."

"இதோ இடுப்புல இருக்கா சார்," என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

"உங்களுக்கு வந்திருக்கலாம்மா, எனக்கு வரலை. எனக்குக் காது மட்டும் தெரிஞ்சாப் போதும்னு உத்தரவு."

"காதோடதானே சார் குழந்தையும் வரும்?"

"அது பழைய முறை."

மகள் போட்ட சத்தத்தில் புரோகிராம்காரரே மாடியிலிருந்து இறங்கி வந்தார். "ஒரு துண்டோட விஷயம் இன்னொரு துண்டுக்குத் தெரியக் கூடாதும்மா. அதுதான் இதோட அழகு," என்று விளக்கினார்.

"அப்போ முழுசா யாருக்கு சார் தெரியும்?"

அவர் யோசித்தார். எழுத்தரும் யோசித்தார். பதினேழு கவுண்டரிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. கடைசியில் எல்லோர் பார்வையும் என்மேல் வந்து நின்றது.

புரோகிராம்காரர் நின்ற நிலையிலேயே புதிதாக ஒரு கிளாஸ் எழுதினார். அதற்கு 'அம்மா' என்று பெயர் வைத்தார். பதினேழு துண்டையும் அதோடு முடிச்சுப் போட்டார். குழந்தை திரைக்கு வந்துவிட்டது. டாக்டர் சொட்டு மருந்து விட்டார். மகள் தோளிலேயே தூங்கிப்போனாள்.

ஒரே வாரத்தில் உத்தரவு ஒட்டினார்கள்: அம்மா இல்லாமல் எந்தத் துண்டும் திறக்காது. பிள்ளைகளைத் தூக்கி வந்த அப்பாக்களையும் சித்தப்பாக்களையும் காவலாளி வாசலோடு திருப்பி அனுப்பினார். ஒருத்தர்கூடச் சண்டை போடவில்லை. "இப்பத்தான் உருப்படியா ஒரு ஏற்பாடு பண்ணியிருக்காங்க," என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போய் எங்களை அனுப்பி வைத்தார்கள்.

வரிசை முழுக்க நாங்கள்தான், இடுப்பில் பிள்ளையும் கையில் பதினேழு சீட்டுமாக. நாங்கள் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியே நடக்காதாம். எங்களுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.