பொட்டு வைத்த கேமரா

“பொண்ணு கையில போனைக் கொடுத்துட்ட. இனிமே அது படிச்ச மாதிரிதான்” என்றார் பெரியப்பா. அப்பா நடவுக் கூலியில் வாங்கித் தந்த போன் அது. எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். தஞ்சாவூர்க் கல்லூரி விடுதி வரை வந்துவிட்ட பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

அந்த விடுதியில்தான் பொட்டு இருந்தாள். போனைத் துளியும் நம்பாமல் போனோடு குடித்தனம் நடத்திய ஒரே பெண், உலகத்திலேயே அவள்தான். அதிராம்பட்டினத்துக்காரி. தன் நெற்றியில் அவள் பொட்டு வைத்ததே இல்லை. ஆனால் விடுதியின் அத்தனை லேப்டாப் கேமராவிலும் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருப்பாள்; அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

“பொட்டே வைக்காத பொண்ணுக்கு எதுக்கும்மா இத்தனை அட்டை?” என்று கேட்டார் ஃபேன்சி ஸ்டோர்காரர்.

“எனக்கில்லண்ணே, லேப்டாப்புக்கு.”

அதற்குப் பிறகு அவர் சைஸ் மட்டும்தான் கேட்பார்.

மஸ்கட்டில் வேலை பார்த்த அவள் அப்பா ஒருமுறை புது நம்பரிலிருந்து கூப்பிட்டார்.

“வாப்பா பேசறேம்மா.”

“வாப்பாவா? நம்ம வீட்டுப் பூனை பேரைச் சொல்லுங்க.”

“எந்தப் பூனைம்மா?”

வைத்துவிட்டாள். பாவம், அவர் விமானம் ஏறிய பிறகு வந்த பூனை அது.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம், எனக்கு அந்தப் படம் வரும்வரை. கல்லூரி விழாவில் எடுத்த என் முகத்தை வெட்டி, ஆடையில்லாத யாரோ ஒருத்தியின் உடம்பில் ஒட்டி, முகம் தெரியாத ஒருவன் அனுப்பியிருந்தான். ‘உன் நிஜப் படம் அனுப்பு. இல்லேன்னா இது உங்க அப்பாவுக்குப் போகும்.’

போனால் என் படிப்பு அன்றோடு சரி. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்று பெட்டியை எடுத்தேன். பொட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“எதுக்குடி அழிக்கிற? அதுதானே சாட்சி. எதையும் அனுப்பாத, பதிலும் போடாத.”

“அப்பாவுக்கு அனுப்பிடுவான்டி.”

“அதுக்கு முன்னாடி நாமளே சொல்லிட்டா, அப்புறம் அவன்கிட்ட பயமுறுத்த என்ன இருக்கு?”

என் அப்பாவைப் போனில் கூப்பிட்டாள். அவளே எல்லாவற்றையும் சொன்னாள். “உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லப்பா” என்று முடித்தாள். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த பம்புசெட் நின்றது.

பிறகு அப்பா கேட்டார்: “அது சாப்பிட்டுச்சா?”

நான் அப்போதுதான் அழுதேன்.

மறுநாள் அப்பா வந்தார். மூவரும் போலீஸில் புகார் கொடுத்தோம். புகாரை வாங்கிய பெண் அதிகாரியிடமே பொட்டு அடையாள அட்டை கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே காட்டினார். அவன் கணக்கு முடங்கியது. நான் பரீட்சை எழுதினேன்.

இப்போது எங்கள் ஊர்ப் பள்ளியில் நான் டீச்சர். பிள்ளைகள் பயந்துபோய் ஒன்றைச் சொல்ல வந்தால் எப்படிக் கேட்டுக்கொள்வது என்று, ஒன்பதாம் வகுப்புப் பெண்களின் அப்பாக்களுக்கு ஒரு கூட்டம் வைத்திருக்கிறேன். பேசப்போவது பொட்டு. கல்யாணமாகி மஸ்கட்டில் இருப்பவள், இதற்காகவே வருகிறாள். திருச்சி விமான நிலையத்துக்குப் போய் அவளை அழைத்துவர நான் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.