பினாங்குப் படங்களும் பூட்டிய பாத்திரக்கடையும்

அன்பிற்குரிய மைத்துனன் சிரஞ்சீவி ஜெயராமனுக்கு, செஞ்சி பஜார் பாத்திரக்கடை கோவிந்தராஜ், அதாவது உன் அக்காள் ஜெயத்தின் வீட்டுக்காரன், ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் சுகம். உன் சுகத்தை நான் விசாரிக்க வேண்டியதே இல்லை. காலையில் நீ என்ன தின்றாய் என்பது வரைக்கும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிடுகிறது. இதையும் அதிலேயே எழுதியிருப்பேன். ஜெயம் படித்துவிடுவாள் என்றுதான் தபாலில் போடுகிறேன்.

விஷயம் இதுதான். தயவு செய்து அந்தப் படங்களை நிறுத்து. போன வருஷம் அந்தமான், இந்த வருஷம் பினாங்கு. நீயும் வித்யாஸ்ரீயும் மார்க்கெட்டில் ரம்புட்டான் பழத்தோடு நிற்கிறீர்கள், ஜாதிக்காயை முகர்ந்து பார்க்கிறீர்கள், கடலோரக் கோட்டையில் பீரங்கி மேல் கை வைத்துச் சிரிக்கிறீர்கள். அது ஒரு கோட்டையா? எங்கள் கடை மாடியில் ஏறினால் அதைவிட உயரம். மூன்று மலையை வளைத்துக் கட்டினது இங்கே இருக்குது, யுனெஸ்கோவே உலகப் பாரம்பரியச் சின்னம்னு சொல்லிட்டாங்க, உன் அக்கா அதைத் திரும்பிப் பார்க்கிறாளா? சாம்பார் ஊற்றும்போதும் கண் செல்லில்தான். "ஏங்க, எந்தம்பி அந்த மார்க்கெட்ல இன்னா அழகா பேரம் பேசுறான் பாருங்க" என்கிறாள். நான் மீசை முளைத்ததிலிருந்து பேரம்தான் பேசுகிறேன் மச்சான், ஒரு நாளும் அழகு என்று சொன்னதில்லை. வயிறு எரியுது, ஒளிக்காமல் சொல்கிறேன்.

எனக்கும் ரோஷம் வந்தது. போன செவ்வாய்க்கிழமை கடையைத் திறக்காமல் அவளை அந்த மூன்று மலையில் உயரமான ராஜகிரிக்கு அழைத்துப் போனேன். கல்யாணமான புதிதில் அடிவாரத்துக் கல்யாண மஹாலைக் காட்டிவிட்டு, வியாபார நேரம் என்று திரும்பியதுதான். மேலே நானும் ஏறியதில்லை. கோட்டை எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன். கமலக்கண்ணி அம்மன் கோயில் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தெரிந்த சரித்திரம், தெரியாத சரித்திரம் எல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அங்கே முட்டி இரண்டும் வராது என்றுவிட்டது. "நீங்க உக்காருங்க, நான் பாத்துட்டு வந்துட்றேன்" என்று உன் அக்கா, தொண்டூரிலிருந்து வந்திருந்த பெண்களோடு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை ஒரு குரங்கு என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டு போனது. உச்சிக்குப் போனதும் அவள் யாருக்கு வீடியோ கால் போட்டாள்? உனக்கு. என் செல் கடைக்குள் பூட்டிக் கிடந்தது, அது வேறு விஷயம். கீழே ஒருத்தன் கல்லு மேல உக்காந்துனு இருந்தானே, அவன் இன்னா ஆனான்னு நீயாவது கேட்டியா?

இறங்கி வீட்டுக்கு வந்தால் வாசலில் சாமியானா, நாற்காலி. எங்கள் பஜாரில் சாவு விழுந்தால் ஒழிய வேலை நாளில் யாரும் கடையை அடைப்பதில்லை, உனக்கே தெரியும். ஷட்டர் இறங்கியிருக்குது, உள்ளே செல் அடிச்சுக்கினே இருக்குது, வீட்டிலும் பூட்டு. ஆள் போய்ச் சேர்ந்தாச்சு, ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருவார்கள் என்று பஜார்க்காரர்களே முடிவு செய்துவிட்டார்கள். பக்கத்துக் கடை துரைக்கண்ணு மாலையும் கையுமாக நின்றவர், என்னைப் பார்த்ததும், "இன்னா கோவிந்தராஜு, நீ நடந்து வர்ற?" என்று கோபித்துக்கொண்டார். ஜெயம் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்து, ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொன்னாள். அதிலும் பாதி உன் பினாங்கு.

ஆகவே இனிமேல் தீவு, மார்க்கெட், கோட்டை எதுவும் எங்கள் கண்ணில் படக்கூடாது. போவதென்றால் சத்தமில்லாமல் போய் வா. வித்யாஸ்ரீக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. நீங்கள் எல்லோரும் தீர்க்காயுளோடு, கூடுமானவரை சென்னையிலேயே இருக்க அம்மனை வேண்டும்,

உன் மாமா,
கோவிந்தராஜ்.

பி.கு.: மேலே எழுதியதை விட்டுத் தள்ளு. உச்சியிலிருந்து இறங்கி வந்தபோது ஜெயத்தின் முகத்தைப் பார்த்தேன். வேர்த்துக் கொட்டி, தலை கலைந்து, அப்படி ஒரு சந்தோஷம். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. அடுத்த தீவுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போ. எனக்குக் கடை இருக்குது, நான் வரமாட்டேன். ஆனால் எங்கே படம் எடுத்தாலும் அவள் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு எடு, நீ போய் நின்றுவிடாதே. பஜார் ஸ்டுடியோவில் என் படத்தையும் கொடுத்து நான் அங்கே சேர்ந்துகொள்கிறேன்.