விறைத்துப்போன சட்டையும் விமலா அக்காவின் மெஷினும்

பத்தாங் காலி, மலேசியா,
14 நவம்பர் 1986, இரவு ஒன்றேகால் மணி.

அன்புள்ள விமலா அக்காவுக்கு,

இந்த நேரத்தில் கடிதம் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் மன்னித்துக்கொள்ளுங்கள்; இடது கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு வலது கையால் எழுதுகிறேன். அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் ஆஸ்திரேலியாவில் பெர்த் வாழ்க்கை இந்நேரம் பழகியிருக்கும், எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அடுத்த வரியில் "இங்கு நாங்களும் சுகம்" என்று எழுதிவிட்டு அதை நானே அடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பொய் எழுதக் கை வரவில்லை. நேரே கேட்டுவிடுகிறேன். நீங்கள் எங்களுக்குத் தந்துவிட்டுப் போன டிரையர் மெஷினில் ஊற்றும் அந்த வெள்ளைத் திரவத்தை எட்டு மாதப் பிள்ளை விழுங்கினால் என்ன ஆகும்?

உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மெஷின் வந்து இறங்கிய நாளில் இந்தத் தோட்டத்து ஸ்டாஃப் வீடுகளில் என்னைப் போல் சந்தோஷப்பட்டவள் யாரும் இல்லை. இங்கே மழை தொடங்கினால் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். உலு யாம் பக்கத்து மலையில் கறுத்தால் எங்கள் கொடியில் மூன்று நாளைக்கு ஒன்றும் காயாது. பிள்ளை கங்காவுக்கு இடுப்பில் கட்டும் லம்பின் துணிகளை நான் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்து உலர்த்திக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட வீட்டுக்கு, துணியைச் சுற்றிக் காயவைப்பது மட்டுமல்லாமல், காயும்போதே மேலே உள்ள சின்னத் தொட்டியிலிருந்து அந்தத் திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, துணியை மெத்தென்றும் வாசனையாகவும் ஆக்கித் தருகிற மெஷின் வந்தால் எப்படி இருக்கும். முதல் மாதம் சொர்க்கம்தான். பிள்ளையின் துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நான் பத்து நிமிடம் சும்மா நின்றிருக்கிறேன். வீட்டு வேலைக்கு வரும் வேலம்மாவுக்கு மெஷினைப் பழக்கிவிட்டேன். அவர் முப்பது வருடமாகத் தோட்டத்து மேனேஜர் துரை பங்களாவிலும் கணக்கெழுதும் கிராணிமார் வீடுகளிலும் துணி துவைத்தவர். மெஷினைப் பார்த்து முதல் நாள் கும்பிட்டார், இரண்டாம் நாளே அது அவர் கைக்குப் போய்விட்டது.

வினை இந்தத் திங்கட்கிழமை தொடங்கியது. காலையில் இவர் தோட்டத்துக் கந்தோருக்கு வேலைக்குப் போக உடுப்பை எடுத்தார். பனியனை அலமாரியிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்தார், அக்கா, அது படுக்கவில்லை. உட்கார்ந்திருந்தது. இவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "இஞ்சாரும், இது உடுப்போ, தகரமோ?" என்று கேட்டார். கால்சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபோது அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. துவாயை மடித்தால் மடித்த இடத்தில் அப்படியே நின்றது. நான் அப்போது சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை கங்காவைக் குளிப்பாட்டி, நீங்கள் வாங்கித் தந்த ரோஸ் நிறச் சட்டையைப் போட்டேன். போட்டுவிட்டுத் தலை சீவ நிமிர்ந்து பார்க்கிறேன், பிள்ளையின் இரண்டு கைகளும் பக்கத்துக்கொன்றாக நேரே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. கீழே வரவில்லை. பிள்ளை வலது கையைப் பார்க்கிறாள், இடது கையைப் பார்க்கிறாள், பிறகு என்னைப் பார்க்கிறாள். வலிப்பு என்றுதான் நினைத்தேன். ஈர முடியோடு, செருப்பும் இல்லாமல், பிள்ளையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கதவு வழியாகப் பிள்ளையை நேராகக் கொண்டுபோக முடியவில்லை, பக்கவாட்டில் திருப்பித்தான் கொண்டுபோனேன். டிரஸர் காளியண்ணன் (டாக்டர் வராத நாளில் இங்கே எல்லாவற்றுக்கும் அவர்தான்) பிள்ளையைப் பார்த்ததும், "என்னாம்மா இது, பிளேன் வெளையாடுறீங்களா?" என்றார். முழங்காலைத் தட்டினார், கண்ணில் லைட் அடித்தார், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் சட்டையைக் கழற்றினார். கைகள் இரண்டும் தாமாகக் கீழே விழுந்தன.

"பேபி ஓகே லா," என்றார். சட்டையை எடுத்து மேசையில் தட்டினார். டக் டக் என்று கேட்டது. "இந்தச் சட்டைக்குத்தான் டாக்டரைப் பாக்கணும்."

நீங்களும் சிரிப்பீர்கள். இனிமேல் எழுதப் போவதைப் படித்தால் சிரிக்க மாட்டீர்கள். சட்டையின் கழுத்துப் பட்டி கீறிப் பிள்ளையின் தோளில் ஒரு சின்னக் காயம். அதற்கு அயோடின் வைத்தார். ஒரு சொட்டுத் தவறிச் சட்டையில் விழுந்தது. அக்கா, மண்ணிறமாக விழுந்த சொட்டு என் கண் முன்னாலேயே கருநீலமாக மாறியது. நாகப்பாம்பு கடித்த இடம் நிறம் மாறுவது போல. நான் கல்லூரியில் மூன்று வருடம் இரசாயனம் படித்தவள், ஒரு பொருள் பட்டு இன்னொன்று நிறம் மாறினால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும். "பாருங்கள், விஷம்," என்றேன். காளியண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, "நான் மருந்து வெக்கிறவன்மா, சட்டையைப் பத்தி எனக்குத் தெரியாது, வாங்கின எடத்துல கேளுங்க," என்றார். வாங்கின இடம் நீங்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

வீட்டுக்கு வந்து போத்தலை எடுத்துப் பார்த்தேன். அதில் எழுதியிருந்ததெல்லாம் ஈரம் பட்டு உரிந்து போய்விட்டது. ஒரே ஒரு வரி மட்டும் தெளிவாக இருக்கிறது, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று. இருந்திருந்து அந்த வரிதானா மிஞ்ச வேண்டும். அதைவிடப் பெரிய அதிர்ச்சி, போத்தல் நிறைந்திருந்தது. இரண்டு மாதமாக வாரம் மூன்று முறை அதிலிருந்து ஊற்றுகிறோம், கழுத்துவரை திரவம் நிற்கிறது. ஊற்ற ஊற்றக் குறையாத பாத்திரமெல்லாம் புராணத்தில் சரி, இரசாயனத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. மூடியைத் திறந்து மணந்தால் பழைய பூ வாசனையைக் காணோம், புளித்த வாடை. எனக்கு விளங்கிவிட்டது. இந்த ஊர் ஈரத்தில் திரவம் கெட்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீளமாக வளர்ந்து, உள்ளுக்குள்ளேயே பெருகிக்கொண்டிருக்கிறது. அது துணியில் பட்டுத்தான் துணி பலகையாகிறது. அதைத்தான் என் பிள்ளை சப்புகிறாள்.

ஆம், சப்புகிறாள். அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். கங்காவுக்குச் சட்டைக் கையை வாயில் வைக்கும் பழக்கம் முன்பே உண்டு, ஆனால் இந்த ஒரு வாரமாக அவள் வைக்கவில்லை, தின்கிறாள். பால் போத்தலைத் தட்டிவிடுகிறாள், சட்டையைப் பிடுங்கினால் அழுகிறாள். புதன்கிழமை காலையில் தொட்டிலைப் பார்த்தால் சட்டைக் கையைச் சுற்றி எறும்பு. எறும்பு கூட மயங்கி வருகிற இரசாயனம். காளியண்ணன் தராசில் நிறுத்துப் பார்த்து எடை கூடியிருக்கிறது என்றார். அவர் அதை நல்ல செய்தி போலச் சொன்னார், எனக்கு வீக்கம் என்றுதான் பட்டது.

இவரிடம் சொன்னால் இவர் என் பக்கம் நிற்பார் என்று நம்பினேன். புதன்கிழமை துரை கந்தோருக்கு வந்தபோது இவருடைய கால்சட்டையை மேலும் கீழும் பார்த்து, "வெரி ஸ்மார்ட்" என்று சொல்லிவிட்டாராம். பதினோரு வருடச் சேவையில் துரை இவரிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அன்றிலிருந்து இவருக்கு மெஷின் மேல் ஒரு குறையும் தெரியவில்லை.

"நீர் சும்மா பயப்படுறீர். பிள்ளை சிரிச்சுக்கொண்டுதானே இருக்கிறாள்," என்றார்.

"உங்களுக்குப் பிள்ளை பெரிசோ, கால்சட்டை மடிப்புப் பெரிசோ?" என்று கேட்டேன்.

அக்கா, அவர் யோசித்தார். நான் பார்த்துக்கொண்டே நிற்க, ஒரு முழு நிமிடம் யோசித்துவிட்டு, "ரெண்டையும் ஏன் சேர்த்துப் பார்க்கிறீர்?" என்றார்.

இந்த வீட்டில் எனக்கு ஆறுதலாகப் பேசியது வேலம்மா ஒருவர்தான். நான் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதபோது பக்கத்தில் வந்து, "என்னா பண்ணிச்சும்மா அது? இவ்ளோ நல்லா வெறப்பா நான் கையால போட்டப்பகூட வந்ததில்லையே," என்றார். படிக்காத மனுஷி, இரசாயனம் எங்கே தெரியப் போகிறது. அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நாளைக்குச் சாமான் ஏற்றும் பாலனின் லோரி ராசா டவுனுக்குப் போகிறது. மெஷினைச் சாக்கில் கட்டி அதில் ஏற்றிவிடப் போகிறேன், யார் எடுத்தாலும் எடுக்கட்டும். கங்காவின் துணிகளை எல்லாம் எரிக்கப் போகிறேன். இதே மெஷினில் உங்கள் மூன்று பிள்ளைகளும் வளர்ந்தார்களே, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையா? மூத்தவன் நான்கு வயது வரை சரியாகப் பேசாமல் இருந்தானே, டாக்டர் எதனால் என்று சொன்னார்? என்னிடம் எதையும் மறைக்காதீர்கள். தங்கச்சி பயந்தவள், இவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். இப்போது சொல்ல வேண்டிய நேரம்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். இருக்கிற இடத்தில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகனைக் கும்பிட்டுக்கொண்டு, கலங்கிய மனத்தோடு முடிக்கிறேன்.

உங்கள் தங்கச்சி,
வாகீஸ்வரி குமாரசிங்கம்

பி.கு. விடிந்துவிட்டது. மேலே உள்ளதை எல்லாம் திரும்ப எழுத நேரமில்லை, தபால் எடுக்கிறவர் எட்டு மணிக்கு வந்துவிடுவார். மூத்தவனைப் பற்றி எழுதியிருந்த இரண்டு வரியை மையால் அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க வேண்டாம்.

ஆறரை மணிக்கு அடுப்படிக்குப் போனேன். வேலம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தார். வடித்த கஞ்சியைப் பழைய துணியில் வடிகட்டி, பச்சைத் தண்ணீர் விட்டுக் கலக்கி, புனல் வைத்து, நான் மேல் தட்டில் ஒளித்து வைத்திருந்த உங்கள் போத்தலுக்குள் ஊற்றினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன வேலம்மா செய்யிறீங்கள்?"

"கஞ்சிதாம்மா. பாதிக்குக் கீழ போச்சு, அப்பலேருந்து தெனமும் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக்கிட்டு வர்றேன். தீர்ந்துபோனா நீங்க கவலைப்படுவீங்களே."

"அது கஞ்சி இல்லை வேலம்மா."

"பின்ன என்னாம்மா? தொவைச்ச துணிக்குக் கடைசியில கஞ்சிதானே போடுவோம். இதுவும் வெள்ளையா கொழகொழன்னுதானே இருந்துச்சு. வெள்ளைக்காரன் எப்பிடி யோசிச்சிருக்கான், காயும்போதே கஞ்சி போடுற மாதிரின்னு நான் ஆச்சரியப்பட்டேன் லா."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்க ஒன்னும் கேக்கலியே. போத்தல் கொறையவே இல்லைன்னு அய்யாகிட்ட சத்தமா சொல்லிக்கிட்டிருந்தீங்க. பாராட்டுறீங்கன்னு நெனைச்சேன்."

கஞ்சியில் அயோடின் பட்டால் நீலமாகும் என்பது பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருகிற பாடம். மூன்று வருடக் கல்லூரிப் படிப்பு படித்தவள் அதைப் பார்த்துப் பாம்பு விஷம் என்றேன். பால் வேண்டாம் என்ற பிள்ளை ஒரு வாரமாகச் சட்டை வழியாக அரிசிக் கஞ்சி குடித்திருக்கிறாள், அதுதான் எடை கூடியிருக்கிறது. காளியண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. பாலனின் லோரியை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பியாயிற்று. இவரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், "அப்ப இனிமேலும் கஞ்சியே ஊத்தச் சொல்லும்," என்கிறார்.

ஆனால் அக்கா, ஒரு விஷயம் மட்டும் என்னை விட மாட்டேன் என்கிறது. கடைசியாக வேலம்மாவிடம், கஞ்சி ஊற்றத் தொடங்கியபோது போத்தலைக் கழுவினீர்களா என்று கேட்டேன். "கழுவுனா உள்ள இருந்ததெல்லாம் வீணாப் போயிருமேம்மா," என்றார். பாதிப் போத்தல் உங்கள் திரவம் அந்தக் கஞ்சியோடுதான் கலந்திருக்கிறது. கங்கா சப்பியதில் கஞ்சி எவ்வளவு, அது எவ்வளவு, யாருக்குத் தெரியும். காலையில் பால் குடித்தாள், இப்போது தரையில் தவழ்ந்துகொண்டிருக்கிறாள், காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. இருந்தும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். உங்கள் பிள்ளைகள் யாராவது அந்தத் திரவம் பட்ட துணியை வாயில் வைத்ததுண்டா, வைத்தபோது டாக்டரைக் கேட்டீர்களா, அவர் என்ன சொன்னார், அதை மட்டும் எழுதினால் போதும். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.