மூன்றாம் மாடியின் சிஸ்டர்

2024 மார்ச் மாதத்து முதல் திங்கட்கிழமை காலை, வெள்ளவத்தையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், நாகேந்திரம் என்ற நோயாளி "சிஸ்டர்!" என்று கூப்பிட்டார்.

"இருங்கோ ஐயா, சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று சுதர்சினி ஓடினாள்.

அன்று அவளுக்கு முதல் நாள். வேலையைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வோம் என்றிருந்தார் மேலாளர் சந்திரகுமார். கணவனுக்குக் கொட்டாஞ்சேனையில் வேலை கிடைத்து, வன்னியில் இருந்த வீட்டையும் விட்டுவிட்டுக் குடும்பமே வந்து இறங்கியாயிற்று. அவளுக்கும் இந்த வேலை கிடைத்தாக வேண்டும்.

வன்னியில் அவள் பத்து வருடம் வேலை செய்த சின்ன ஆஸ்பத்திரியில் தாதி என்றால் 'மிஸ்ஸி'. 'சிஸ்டர்' என்றால் வார்ட்டுக்குப் பொறுப்பானவர். வெள்ளவத்தையில் தாதிகள் எல்லாருமே சிஸ்டர் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

தாழ்வாரக் கோடியில், கண்ணாடி அறைக்குள், வெள்ளைக் கோட்டோடு மேனுகா என்ற பெண்மணி கம்பீரமாக இருந்தார். மற்றத் தாதிகள் அவரிடம் பணிந்து கதைப்பதைக் காலையிலேயே அவள் கவனித்திருந்தாள்; சிஸ்டர் இவர்தான் என்று அவரிடம் போனாள்.

"ஏழாம் கட்டில் ஐயா உங்களைக் கூப்பிடுறார்."

மேனுகா வந்தார். "சொல்லுங்கோ ஐயா. சாப்பிட்டீங்களோ?"

"சாப்பாடு கிடக்கட்டும். தலையணையை உயர்த்தோணும்."

"இதுக்கோ என்னைக் கூப்பிட்டனீங்கள்?"

"நானெங்க உங்களைக் கூப்பிட்டனான்?"

அடுத்த கட்டிலிலும் "சிஸ்டர்!" அதற்கடுத்ததிலும். நாலாம் முறை கூட்டி வந்தபோது மேனுகாவுக்கு மூச்சு வாங்கியது. பொறுப்பான சிஸ்டரை இப்படி நடக்க விடக்கூடாது என்று சுதர்சினி ஒரு கதிரையைத் தூக்கி வந்து, வார்ட் நடுவில் போட்டு, அவரை இருத்தினாள். உடனே எல்லாக் கட்டிலிலிருந்தும் முறைப்பாடு கிளம்பியது.

"சிஸ்டர், அந்த அம்மாவுக்குச் சேலைன் முடியுது. மாத்தவோ?" என்று சுதர்சினி கேட்டாள்.

"என்னை ஏன் பிள்ளை கேக்கிறீர்? சிஸ்டர் எண்டால் நீர்தான்! எல்லாத்தையும் நீரே பாரும்!"

மேனுகா எழுந்து போய்விட்டார். முதல் நாளே வார்ட்டைத் தன்னிடம் ஒப்படைத்துவிட்டாரே என்று நினைத்தாள் சுதர்சினி.

சேலைனை மாற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். வன்னியில் மருந்து கட்டுவதிலிருந்து ஜெனரேட்டர் போடுவது வரை அவள் ஒருத்திதான். இங்கே ஊசிக்கு ஒருத்தி, பிரஷருக்கு ஒருத்தி, டெலிபோனுக்கு ஒருத்தி.

"தங்கச்சி, ஊசி மட்டுமோ உங்கட வேலை? பிரஷரையும் பாருங்கோ. நீங்கள் டெலிபோனை வச்சிட்டு வந்து ஐயாவைத் திருப்பிப் படுக்க வையுங்கோ."

புதுப் பொறுப்பாளர் வந்துவிட்டார் என்று நினைத்து அவர்களும் ஓடினார்கள். மத்தியானம் ஒருத்தி வந்து, "நீங்கள் சாப்பிடுங்கோ சிஸ்டர், நான் நிக்கிறன்" என்றாள். பத்து வருடத்தில் முதல் தடவையாகச் சுதர்சினி கடமை நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பின்னேரம் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். முடிவு கேட்கப் போனாள் சுதர்சினி.

"மூண்டு மாசமா அந்த வார்ட்டுக்குப் பொறுப்பா ஆளில்லை. இண்டைக்குத்தான் ஒழுங்கா நடந்திருக்கு. நீங்களே பொறுப்பெடுங்கோ."

"அப்ப மேனுகா சிஸ்டர்?"

தேநீர் கொண்டுவந்த சிற்றூழியர் பஸ்லாதான் பதில் சொன்னாள்:

"அவங்க கேன்டீனுக்குப் பொறுப்பு, மிஸ்."