எதிர் ஜன்னல்காரர் உட்காரட்டும்

பதினொன்றே கால் மணிக்குக் கணவன் அலுவலகத்திலிருந்து போன் செய்தபோது, சோப்புக்காரி வாயில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, வேலை ஆரம்பிச்சாச்சா?"

"ம்ம்ம்" என்றாள். வாய் நிறைய நுரை. ஆகவே அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

சோப்புக்காரி என்பது கணவன் செல்லமாக வைத்த பெயர். பத்து வருடம் ஓர் அலுவலகத்தில் ஒன்பதரைக்கு டாண் என்று போய் உட்கார்ந்தவள், வீட்டிலேயே சோப்பு செய்து விற்கலாம் என்று வேலையை விட்டாள். விட்ட மறுநாளிலிருந்து ஒன்பதரை மணி என்ற ஒன்றே அவள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. விடிகிறது, துணி காய்கிறது, மத்தியானம் ஆகிவிடுகிறது. நடுவில் நேரம் எந்த வழியாகப் போகிறது என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

முதலில் நான்கு வண்ணத்தில் ஓர் அட்டவணை வரைந்தாள். அதை வரையவே இரண்டு நாள் ஓடிவிட்டது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அட்டவணை பார்க்கப் போகும்போதெல்லாம் கை தானாகக் கதவைத் திறந்தது. இரண்டு கிலோ எடை கூடியதுதான் மிச்சம். அடுத்து அலாரம் வைத்தாள். கைக்கு எட்டாமல் இருக்கட்டும் என்று குளியலறையில் வைத்தாள். அணைக்கப் போனவள், தரை அழுக்காக இருக்கிறதே என்று தேய்க்க ஆரம்பித்து, பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தாள்.

கணவன் பொறுத்துப் பார்த்துவிட்டு, தபாலில் பாடம் நடத்தும் ஒருவரிடம் அவள் பெயரைப் பதிவு செய்தான். திங்கள்தோறும் கூரியரில் ஒரு பாடம் வரும். தலைப்பு: 'வீட்டிலிருந்தே தொழில்: நாளை வகுக்கும் கலை.' எழுதுபவர் சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. 'நேரம் தவறாதவர்' என்று மட்டும் போட்டிருந்தது.

முதல் பாடம் ஒரே ஒரு பக்கம். 'ஒழுங்காக வேலை செய்யும் ஒருவரைக் கண்டுபிடியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு அவரைப் பின்பற்றுங்கள்.'

ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம், எதிர் மாடி ஜன்னலில், கண்ணாடி போட்ட ஒருவர் மேசை முன் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். கொஞ்சம் எழுதுவார். நிமிர்ந்து வெளியே பார்த்து யோசிப்பார். மறுபடி எழுதுவார்.

"கிடைச்சுட்டாரு!" என்றாள், வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும்.

அன்றிலிருந்து கடிகாரத்துக்கு வேலை இல்லை. அவர் உட்கார்ந்தால் இவள் உட்கார்வாள். அவர் எழுந்தால் எழுவாள். சோப்புக் கலவையைக் கலக்கி அச்சில் ஊற்றுவது காலையிலேயே சமையலறையில் முடிந்துவிடும். வெட்டுவதும் உறை போடுவதும் ஜன்னலோர மேசையில், எதிர் ஜன்னல்காரர் உட்கார்ந்த பிறகு. முதல் வாரம் வேலை பறந்தது. நகரத்து ஹோட்டல் ஒன்று புதிதாகக் கடற்கரையில் ஒரு கிளை திறப்பதாகவும், அதற்கு ஐந்நூறு உப்புச் சோப்பு வேண்டுமென்றும் ஆர்டர் கொடுத்தது. அவள் வாழ்க்கையின் முதல் பெரிய ஆர்டர்.

"இது மட்டும் நல்லபடியா முடியலேன்னா, பழைய வேலைக்கே போயிடறேன்" என்று கணவனிடம் சொன்னாள். பழைய மேலாளர் அவள் நாற்காலியை இன்னும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்.

இதற்கு நடுவே, எதிர் ஜன்னல்காரர் என்னதான் வேலை பார்க்கிறார் என்ற கேள்வி அவள் மண்டையைக் குடைந்தது. பரீட்சைத் தாள் திருத்துகிறாரோ? திருத்துகிறவர் இவ்வளவு நேரம் யோசிக்க மாட்டார். பாடம் கொண்டுவரும் கூரியர்காரரிடம் கேட்டாள்.

"அண்ணா, எதிர் வீட்டுக்கு என்ன பார்சல் வருது?"

"அங்க ஒண்ணும் வராதும்மா. அங்கிருந்துதான் போகும். வாராவாரம் கட்டுக்கட்டா கவர்."

"மொட்டைக் கடுதாசி எழுதறவரா இருப்பாரோ?" என்றாள் அன்று சாயங்காலம் கணவனிடம்.

"இவ்வளவு ஒழுங்காவா எழுதுவாங்க?"

ஒரு நாள் காலை, அச்சின் மூடி ஒன்று மேசைக்கு அடியில் உருண்டுவிட்டது. குனிந்து, தவழ்ந்து, தேடி எடுத்துக்கொண்டு எழுந்து பார்த்தால் எதிர் நாற்காலி காலி. மணி பதினொன்று இருபது. 'இவ்வளவு சீக்கிரம் சாப்பிடுகிறாரா!' என்று வியந்து, இவளும் போய்ச் சாப்பிட்டாள். அடுத்த திங்கள் வந்த பாடத்தைப் பிரித்தவளுக்குப் புல்லரித்தது. 'மதிய உணவைப் பதினொன்று இருபதுக்கே முடித்துவிடுங்கள். புத்தி தெளியும்.'

"பாத்தீங்களா? அவருக்கும் இதே பாடம் வருது. நமக்கு முன்னாடியே வருது!"

"பழைய மாணவரா இருக்கும்" என்றான் கணவன், பதினொன்று இருபதுக்கே ஆக்கி ஆறிப்போன சோற்றைப் பார்த்தபடி.

அதன் பிறகுதான் சிக்கல் தொடங்கியது. எதிர் ஜன்னல்காரர் ஒன்பதரைக்குப் பதில் ஒன்பதே முக்காலுக்கு உட்கார்ந்தார். மறுநாள் பத்தேகால். இவள் தேநீர்க் கோப்பையோடு ஜன்னலில் நின்று காத்திருந்தாள். அவரும் கையில் கோப்பையோடு ஜன்னலில் நின்றார். இருவரும் தெருவையே பார்த்தார்கள். அடுத்த பாடம் இப்படி வந்தது: 'வேலைக்கு முன் கோப்பையோடு ஜன்னலில் நில்லுங்கள். மனம் அடங்கும்வரை உட்காராதீர்கள்.'

மனம் அடங்கப் பதினொன்று ஆயிற்று, பிறகு பன்னிரண்டு. உட்கார்ந்தால் எழுந்திருப்பதும் அதே கதி. வயிறு கத்தியது. "அவர் எழுந்திருக்கட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். எதிரே அவரும் வயிற்றைத் தடவியபடி நகராமல் இருந்தார். அவருடைய மன உறுதியை நினைத்து அவள் நெகிழ்ந்துபோனாள். எட்டி எட்டிப் பார்ப்பது சிரமமாக இருக்கவே, மேசையை இன்னும் ஜன்னலை ஒட்டிப் போட்டாள். வெயில் நேராக அடித்து, ரோஜா நிறச் சோப்பெல்லாம் வெளுத்துப்போனது.

உப்புச் சோப்பு மற்ற சோப்பு மாதிரி இல்லை. ஊற்றி நான்கு மணி நேரத்துக்குள் வெட்டியாக வேண்டும், தாண்டினால் கல்லாகி, கத்தி பட்டதும் உதிர்ந்துவிடும். ஹோட்டலுக்கான முதல் தவணையை ஏழு மணிக்கு ஊற்றினாள். எதிர் ஜன்னல்காரர் உட்கார்ந்தது பன்னிரண்டரைக்கு. இவள் கத்தியை வைத்ததும் பலகை முழுக்கச் சோப்பு பொலபொலவென்று உதிர்ந்தது. உட்கார்ந்து அழுதாள்.

மிச்சமிருந்த எண்ணெய் இன்னும் ஒரு முறைக்குத்தான் வரும். வெட்டிய சோப்பு காய நான்கு வாரம் வேண்டும். மறுநாளிலிருந்து எண்ணினால் ஹோட்டல் திறப்புக்கும் சரியாக நான்கு வாரம்தான் இருந்தது. மறுநாள் ஏழு மணிக்கு எல்லா அச்சிலும் ஊற்றினாள். பதினொன்றுக்குள் வெட்டியாக வேண்டும்.

பத்து ஆயிற்று. எதிர் நாற்காலி காலி. அவர் கோப்பையோடு ஜன்னலில் நின்றார். பத்தரை. கணவன் போன் செய்தான்.

"வெட்டிட்டியா?"

"அவர் இன்னும் உட்காரலியே!"

"அவர் உட்கார்ந்தா என்ன, படுத்தா என்ன? வெட்டப் போறது நீதானே?"

"போன தடவை வந்த பாடத்துல தெளிவா போட்டிருக்கு. 'நேரம் வருமுன் கருவியைத் தொடாதீர்கள்'னு. நான் கத்தியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன், எனக்குக் கை வரமாட்டேங்குதுங்க."

போனில் பெருமூச்சு கேட்டது. கணவன் போனை வைத்துவிட்டான்.

பத்து நாற்பதுக்கு அழைப்பு மணி அடித்தது. கூரியர்காரர்.

"அண்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எதிர் வீட்டுக்குப் போய், 'சார், இன்னைக்கு எப்ப வேலைய ஆரம்பிப்பீங்க'ன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க. என் பொழப்பே அதுலதான் இருக்கு."

கூரியர்காரர் அவள் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். காரணம் கேட்காமல் கிளம்பிவிட்டார்.

அவள் ஜன்னலுக்கு ஓடினாள். எதிர் மாடியில் கூரியர்காரர் தெரிந்தார். கண்ணாடிக்காரர் இரண்டு கையையும் விரித்து ஏதோ புலம்பினார். காலித் தாளை எடுத்துக் காட்டினார். பிறகு இவள் ஜன்னலைச் சுட்டிக்காட்டினார். கூரியர்காரர் தலையைச் சொறிந்தார்.

பத்து ஐம்பத்திரண்டுக்குக் கூரியர்காரர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சொன்னாரு? எப்ப உட்காருவாராம்?"

"அதை அவரு உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாரும்மா. 'அந்தம்மா உட்கார்ந்து வேலைய ஆரம்பிச்சாத்தானே, அவங்களைப் பாத்து நான் அடுத்த பாடத்தை எழுத முடியும்'ங்கறாரு."