தும்மாத ஒட்டகமும் சிபாரிசுக்காரரும்

சிபாரிசுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. வேலைக்கும் வரனுக்கும் சிபாரிசு செய்கிறவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் பழைய ரகம், பாவம். நான் சொல்வது, குழந்தைகளுக்கு வாசித்துக்காட்டப் படப் புத்தகம் சிபாரிசு செய்கிறவரை. கையில் ஒரு பிள்ளையோடு தெருவில் நடந்து பாருங்கள், எங்கிருந்தாவது முளைத்துவிடுவார்.

நமக்கு வாய்த்தவர் கண்ணாடிக் கடைக்காரர். பார்வை மங்குகிறதே என்று போய், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்ச்சுவர் எழுத்துகளோடு நீங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள். "வீட்ல குழந்தை இருக்கா சார்?" என்பார். இருக்கிறது என்றீர்களோ, தொலைந்தீர்கள். எதில் தாள் கனம், எதில் வண்ணம் கண்ணை உறுத்தாது, எதை மடியில் இருத்தி வாசிக்க வேண்டும், எதில் எந்த வரிக்குக் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பொத்திய கண் மரத்துப்போயிருக்கும். பவர் என்ன? அதற்கு நாளைக்கு வர வேண்டியதுதான்.

அவருடைய செல்லப் புத்தகம் ஓர் ஒட்டகத்தைப் பற்றியது. ஒட்டகத்துக்குத் தும்மல் வருகிறது, வருகிறது, வந்து தொலைக்க மாட்டேன் என்கிறது. அவ்வளவுதான் கதை. "இதை வாசிக்காத வீடு ஒரு வீடா சார்?" என்பார்.

அவர் வீட்டில்? தினமும் சாயங்காலம் ஐந்து வயது மகளுக்கு வாசிக்கத்தான் செய்கிறார். அங்கேதான் வில்லங்கம்.

"ஒட்டகத்தோட மனசுல இப்ப என்ன இருக்கும்?"

"தும்மல்."

"அது மூக்குலடா கண்ணு. மனசுல?"

மகள் பக்கத்தைப் புரட்டக் கை நீட்டினால் பிடித்துக்கொள்வார். படம் மனசில் ஊற வேண்டுமாம். ஊறி ஊறி, பாதிப் புத்தகத்தில் ஒட்டகம் வாயைப் பிளந்து நிற்கையிலேயே சாப்பாட்டு நேரம் வந்துவிடும். புத்தகம் அலமாரி உச்சிக்குப் போய்விடும். குழந்தை தானாகப் பார்த்தால் ரசனை கெட்டுவிடுமே! மறுநாள் மறுபடி முதல் பக்கம்.

"ஏங்க, அந்த வாயில்லா ஜீவனைத் தும்ம விடுங்களேன், புண்ணியமாப் போகும்," என்றாள் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி.

"உனக்கு வாசிப்போட அருமை தெரியாது."

கொஞ்ச நாளில், அவர் புத்தகத்தை எடுத்தாலே மகளுக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தது. மனிதருக்கு அது சுருக்கென்று தைத்தது, பொய் சொல்வானேன். இத்தனை பாடும் அவளுக்காகத்தானே? எப்படியாவது அவளை மடிக்கு இழுக்க வேண்டும். என்ன செய்தார்? கேள்விகளைக் கூட்டினார்.

ஒரு விடுமுறை நாளில் மகளைக் கடைக்குக் கூட்டி வந்திருந்தபோது, பல் டாக்டரம்மா வந்தார். போன தடவை கண்ணாடியோடு சிபாரிசையும் வாங்கிப் போனவர்.

"சார், அந்த ஒட்டகப் புத்தகம்! கடைசிப் பக்கம் வந்தா என் பையன் சோபாவுலேர்ந்து உருண்டு விழுந்துடறான்."

"அந்தக் கடைசிப் பக்கம்தானே மேடம் அதோட உயிரே!" என்றார் இவர், காத்திருந்த வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று.

மகள் நாற்காலியிலிருந்து குதித்து ஓடிவந்து டாக்டரம்மாவின் கையைப் பற்றினாள். "ஆன்ட்டி, ஒட்டகம் தும்மிடுச்சா?"

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். வாடிக்கையாளர்களும் பார்த்தார்கள். அவர், ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த ஒரு கண்ணாடியை அழுத்தித் துடைத்தார். டாக்டரம்மா கைப்பையை வைத்துவிட்டு, கழுத்தை நீட்டி, கடையே அதிரும்படி ஒரு தும்மல் தும்மினார். குழந்தை தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அப்படி அவள் சிரித்து அவர் கேட்டதே இல்லை.

அன்று சாயங்காலம் அவரே புத்தகத்தை இறக்கினார். ஒரு கேள்வி கேட்கவில்லை, மூச்சு விடவில்லை, விறுவிறுவென்று கடைசிப் பக்கம் வரை வாசித்து, கழுத்தை நீட்டி, சுற்றுமுற்றும் பார்த்து, வெட்கப்பட்டுக்கொண்டே "அச்" என்றார்.

மகள் அவர் கன்னத்தைத் தட்டினாள். "பரவாயில்லப்பா. நாளைக்கு ஆன்ட்டி வீட்டுக்கே போய்க் கேட்டுக்கலாம்."

என்ன, சிரிக்கிறீர்களா? 'எங்க ஆபீஸ்ல இதே மாதிரி ஒருத்தர் இருக்கார், அவரை அவசியம் இதைப் படிக்கச் சொல்லணும்' என்று நாக்கு துறுதுறுக்கிறதா? சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். இந்த வியாதி எல்லோருக்கும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது.